‘ஊசி’ என்று சொன்னேன்

அந்த வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை. இத்தனை நாளும் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். எழுத உட்கார்ந்ததும் அதுவும் பொய்யோ என்று படுகிறது. ஏனென்றால் வாயைத் திறப்பதற்கு முன்னால் நோயாளிப் பிள்ளையின் பாட்டி, அந்த ஆத்தாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

ரங்கூன் ஆஸ்பத்திரியில், வீட்டாருக்குத் தமிழில் மாற்றிச் சொல்லச் சொல்லி டாக்டரம்மா பர்மா பாஷையில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வில் கிருமி இறங்கியிருக்கும் போலத் தெரிகிறது, உறுதிப்படுத்த முதுகில் ஊசி குத்திக் கொஞ்சம் தண்ணீர் எடுத்துப் பார்க்க வேண்டும், வீட்டாருக்குச் சம்மதமா கேளுங்கள். நான் தமிழில் சொன்னது: “ஆத்தா, பிள்ளைக்கு மூளைக் காய்ச்சல் மாதிரி இருக்காம். முதுகுல ஒரு ஊசி போடணுமாம். போட்டுறலாமா?”

தண்ணீரைக் காணோம். பர்மா பாஷையில் தண்ணீருக்கு ‘யே’. இந்த நாட்டில் பிறந்த எந்தத் தமிழ்ப் பிள்ளையும் முதலில் கற்றுக்கொள்கிற பத்து வார்த்தைகளில் அது ஒன்று. டாக்டரம்மா அதைத் தெளிவாகச் சொன்னார், நான் அதை முழுங்கினேன்.

ஏன் முழுங்கினேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. முதுகில் தண்ணி எடுத்தால் கால் விளங்காது என்று நம் ஆட்களிடம் ஒரு பயம். ரங்கூனில் மட்டுமில்லை, பெகு, மோல்மேன், எந்தப் பக்கத்துக் குடும்பம் வந்தாலும் இதே பேச்சுதான். ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவருக்கு அப்படித்தான் ஆனது என்று கதையும் கூடவே வரும். 2022 மழைக்காலம் அது. அதற்கு முந்தின இரண்டு மாதத்துக்குள்ளேயே ‘தண்ணி எடுக்கணும்’ என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்ட இரண்டு குடும்பங்களை என் கண்ணால் பார்த்திருந்தேன். ஆகவே ஆத்தா கட்டிலை விட்டு எழுந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் இருந்தது.

அந்தப் பயத்தில் பாதி நியாயம்கூடக் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்டுவடம் முதுகின் அடி வரைக்கும் போவதில்லை, இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும். கைக்குழந்தைக்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், அவ்வளவுதான். ஊசி போவது அதற்கும் கீழே, இரண்டு இடுப்பெலும்பின் உச்சிக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டால் வருகிற இடத்தை ஒட்டி. அங்கே இருப்பது குதிரை வால் மாதிரி தொங்குகிற நரம்புகளும் அவற்றைச் சுற்றி நீரும். நரம்பு ஊசிக்கு வழிவிட்டு விலகிக்கொள்ளும். பெரியவர்களுக்கு அந்த நீர் மொத்தமே 150 மில்லி சுமாருக்குத்தான் இருக்கும், ஆனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் புதிதாக ஊறுகிறது. நாம் எடுப்பது சொட்டுக் கணக்கு. இதையெல்லாம் ஆத்தாவிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம்தான். மூன்று நிமிஷம் ஆகியிருக்கும்.

பிள்ளைக்குப் பதினோரு மாதம். ஆண் பிள்ளை. கன்னத்தில் பூசியிருந்த தனக்கா, இங்கே எல்லோரும் முகத்தில் பூசுகிற மரப்பட்டைச் சாந்து, காய்ந்து வெடித்து, கண்ணீர் ஓடிய இடத்தில் மட்டும் கோடு விழுந்திருந்தது. மூன்று நாளாகக் காய்ச்சல். மருந்துக்கடையில் ஏதோ ஆன்டிபயாடிக் சிரப் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அன்று காலையில் ஒரு தடவை வெட்டி இழுத்திருக்கிறது. “ஜன்னி கண்டுருச்சு தாயீ” என்றுதான் ஆத்தா தூக்கிக்கொண்டு வந்தது. கழுத்து விறைப்பு என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருப்பார்கள், இந்த வயதுப் பிள்ளைகளிடம் அதைத் தேடினால் பல சமயம் கிடைக்காது. உச்சிக்குழியில் கை வைத்துப் பார்த்தேன். உள்ளே குழிந்திருக்க வேண்டிய இடம் பொங்கி, உப்பின பூரியை அமுக்கின மாதிரி விம்மி நின்றது. தூக்கினால் அழுகை கூடியது. தூக்கினால் அடங்குவதுதானே பிள்ளை? டயாப்பர் மாற்றக் காலைத் தூக்கினபோது வீல் என்று ஒரு சத்தம், பூனைச் சத்தம் மாதிரி. அதைக் கேட்ட யாரும் மறக்க மாட்டார்கள்.

டாக்டரம்மா தோள்பட்டையைப் பார்த்தார். பிறந்ததும் போடுகிற பிசிஜி ஊசியின் தழும்பு இருந்தது, டிபி இந்தச் சவ்வுக்கு ஏறாமல் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு. வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா என்றும் கேட்டார், இல்லை. அப்புறம் தடுப்பூசி அட்டையைக் கேட்டார். அட்டையில் அந்தத் தழும்போடு கதை முடிந்திருந்தது.

2021-இல், ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம், பிறந்த பிள்ளை. அந்த வருடம் இங்கே தடுப்பூசி வேலை எந்தக் கதியில் இருந்தது என்று இந்த ஊரில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பிள்ளைகளுக்கு இந்த நோயைக் கொண்டுவருகிற கிருமிகளில் முக்கியமான இரண்டுக்கு இலவசமாகவே ஊசி இருக்கிறது. ‘ஹிப்’ கிருமிக்கான மருந்து ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடுகிற ஊசிக்குள்ளே 2012 நவம்பரிலிருந்து பர்மாவில் வருகிறது, நியூமோகாக்கஸுக்கு 2016-இலிருந்து. மூன்றாவதாக மெனிங்கோகாக்கஸ் என்று ஒன்று, ஹஜ்ஜுக்குப் போகிற நம் சோலியா முஸ்லிம்கள் கட்டாயமாகப் போட்டுக்கொண்டு கிளம்புவது அதற்கான ஊசிதான், இங்கே பிள்ளைகளுக்கு வழக்கமாகப் போடுவதில்லை. வைரஸாலும் இந்த நோய் வரும், பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். எச்ஐவி உள்ள பெரியவர்களுக்குப் பூஞ்சையால் வருவது தனிக் கதை.

ஆனால் ஆத்தாவுக்கு நான் சொன்ன பெயர் ‘மூளைக் காய்ச்சல்’. அதிலும் ஒரு குழப்பம். “அதுக்குத்தான் ஸ்கூல்ல வந்து ஊசி போட்டாங்களே? எங்க பெரிய பேரன் போட்டுக்கிட்டானே?” என்றார். அது 2017 நவம்பரில் நாடு முழுக்கப் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டது, ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்கு. வயற்காட்டுக் கொசு கடித்து வருவது அது, தாக்குவது மூளையையே. இது சவ்வைத் தாக்குவது, இருமலிலும் எச்சிலிலும் பரவுகிற கிருமி. தமிழில் இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிடுகிறோம். மூளை உறை அழற்சி என்று ஒரு சொல் இருக்கிறது, யாரிடம் போய்ச் சொல்ல? பெரியவன் போட்டுக்கொண்டால் சின்னவனையும் அது காக்கும் என்று ஆத்தா நினைத்திருந்தார் என்பதுகூட அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

சரி, ஆத்தா சம்மதித்தார். “ஊசிதானே, போடுங்க” என்றார். பிள்ளையின் அப்பா மலேசியாவில், போன் எடுக்கவில்லை. ஃபாரத்தில் ஆத்தா பெருவிரல் வைத்தார். அம்மாக்காரி, இருபது வயசுகூட இருக்காது, பக்கத்திலேயே நின்று கையெழுத்துப் போட்டாள். வாயே திறக்கவில்லை. மாமியார் முன்னால் பேசாத பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளையைப் பிடித்தவளும் நான்தான். ஒரு கையால் தோளை, இன்னொரு கையால் முழங்காலுக்குப் பின்னால், இறாலைச் சுருட்டின மாதிரி வளைத்துப் பிடிக்க வேண்டும், மூச்சுத் திணறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல நீர் குழாய்த் தண்ணீர் மாதிரி இருக்கும், கண்ணாடிக் குப்பியில் விழுந்தால் இருக்கிறதே தெரியாது. இது கஞ்சித் தண்ணி மாதிரி விழுந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார், நான் குப்பியைப் பார்த்தேன். லேபில் சாயம் போட்டுப் பார்த்துவிட்டு, சிவப்பாகக் குட்டிக் குட்டிக் குச்சிகள், ஹிப்பாகத்தான் இருக்கும் என்றார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. கடைச் சிரப் அந்த அளவுக்கு வேலை செய்திருந்தது, கிருமியைக் கொல்லாமல் ஆளை மட்டும் ஒளித்து வைக்கிற அளவுக்கு.

வீட்டில் நாத்தனாரின் இரண்டு வயதுப் பிள்ளையும் இருந்தது, அதற்கும் ஊசி கிடையாது. அதனால் கிருமி அதற்கும் தொற்றாமலிருக்க வீட்டிலிருந்த எல்லோருக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து கொடுத்தார்கள். ஒன்றுக்கு ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று நான் முன்கூட்டியே சொல்லியும், மறுநாள் ஆத்தா என்னைத் தனியே கூப்பிட்டு, ரத்தம் போகிறது, எனக்கும் வந்துவிட்டது என்று காதில் சொன்னார். அன்றைக்கு நான் சிரித்தேன், ஆத்தாவும் சிரித்தார். எங்களுக்குள் நம்பிக்கை இருந்த நாட்கள் அவை.

பிள்ளை பிழைத்தான். பத்து நாளில் வீட்டுக்குப் போனான். பாக்டீரியாவால் இந்த நோய் வந்தவர்களில் ஆறில் ஒருவர் இறந்துபோகிறார், ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு குறை தங்கிவிடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. காதைக் காப்பாற்றலாம் என்று முதல் டோஸோடு ஸ்டீராய்டும் கொடுத்திருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் காதுப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தோம், மூன்றரை மாதம் கழித்து வந்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை.

ஆத்தா என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: “முதுகுல அந்த ஊசியப் போட்டீங்களே, அதுலதான தாயீ காது போச்சு?”

ஊசி என்று சொன்னவள் நான். உள்ளே ஏதோ மருந்தை ஏற்றியதாகத்தான் ஆத்தாவுக்குப் படம் விழுந்திருக்கிறது. தண்ணீர் எடுத்தோம் என்று சொல்லியிருந்தால் கால் போகும் என்று பயந்திருப்பார், கால் போகவில்லை என்று ஒருநாள் தெரிந்தும் இருக்கும். இந்தப் பழியைப் பொய் என்று காட்ட எனக்கு வழியே இல்லை. நோயால் போன காது ஆத்தா, உள்காதுக்குள்ளே கிருமியின் வீக்கம் இறங்கினால் இப்படி ஆகும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். நம்பவில்லை.

நான் செய்தது சரியென்று சில நாள் எனக்கே வாதாடுவேன். நேரம் இல்லை, கிளம்பிவிடுவார்கள், பிள்ளை செத்திருப்பான். இந்த வாதத்தை ஒருநாள் டாக்டரம்மாவிடமே சொன்னேன். அவர் சாதாரணமாக, “மாட்டேன் என்று சொல்லியிருந்தால் தண்ணீர் எடுக்காமலேயே மருந்தை ஆரம்பித்திருப்பேன், அப்படி எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறோம்” என்றார். உயிரைக் காப்பாற்றியது செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக், என் வார்த்தை இல்லை. ஆனால் அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருக்க வேண்டுமே, மருந்து போட? அதற்கு என் வார்த்தை வேண்டியிருந்ததா இல்லையா? இந்த இடத்துக்கு வந்ததும் வாதம் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கிவிடும்.

அம்மாக்காரி அன்றைக்குக் காதுப் பரிசோதனை அறைக்கு வெளியே வந்து சொன்னாள், “அக்கா, அந்த டாக்டர் ‘யே’ன்னு சொன்னது எனக்கும் கேட்டுச்சு. நீங்க மாத்திச் சொன்னதும் தெரியும்.” ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா அத்தை தூக்கிட்டுப் போயிருவாங்கல்ல” என்றாள். பர்மா பள்ளிக்கூடத்தில் படித்த பெண், அவளுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவளிடம் நேராகக் கேட்க எனக்குத் தோன்றவும் இல்லை. கூடவே ஒன்று சொன்னாள். நாத்தனார் தன் பிள்ளைக்கு விட்டுப்போன ஊசிகளைப் போட மாட்டேன் என்றுவிட்டாளாம். ஆஸ்பத்திரி ஊசியால் இவன் காது போன கதை அவர்கள் தெரு முழுக்கத் தெரியுமாம்.

அதற்குப் பிறகு ஒரு தடவை, வேறொரு குடும்பம், நான்கு வயதுப் பெண் பிள்ளை. இந்தத் தடவை ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். தண்ணீர் எடுக்க வேண்டும், இவ்வளவுதான் எடுப்பார்கள், இங்கே குத்துவார்கள், கால் போகாது என்று என் இடுப்பைத் தொட்டுக் காட்டியெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு வேண்டாம் என்றார்கள். டாக்டரம்மா சொன்ன மாதிரியே மருந்தை மட்டும் ஆரம்பித்தார்கள், பிள்ளை குணமாகி ஓடிப் போனாள். என்ன கிருமி, கிருமிதானா, வைரஸா, ஒன்றும் தெரியாது. இதிலிருந்து நான் என்ன படித்துக்கொள்வது?

போன மாதம் கோயில் அன்னதானத்தில் ஆத்தாவைப் பார்த்தேன், பேரன் இடுப்பில் இருந்தான். நன்றாக வளர்ந்திருக்கிறான், நடக்கக் கொஞ்சம் தள்ளாடுகிறானாம். ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, “தாயீ, காது வருது போல. நான் ஒரல்ல மொளகாய் இடிச்சா வெடுக்குன்னு திரும்பிப் பாக்குறான்” என்றார். பலகைத் தரை வீடு. உலக்கை அதிர்வு தரை வழியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஏறும், அதற்குக் காது வேண்டாம். வாய் வரைக்கும் வந்தது.

“அப்படியா ஆத்தா, நல்லது” என்றேன். பின்னால் தட்டோடு நின்ற அம்மாக்காரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாம்பார் வாங்க வரிசைக்குப் போனாள்.