வியாழன் மேடைக் குறிப்புகள்

பிப்ரவரி 2, திங்கள்

வியாழன்தோறும் நாங்கள் நடத்தும் கவிதை மேடையில் வாரத்துக்கு ஒரு தலைப்பு, ஒரு விருந்தினர் கவிஞர்; மற்றபடி பெயர் கொடுத்தவர்கள் வரிசையாக ஏறிப் படிப்பார்கள். இந்த வார விருந்தினரோடு போனில் பேசினேன். தலைப்பு எனக்கும் சேர்த்தா என்றுதான் முதலில் கேட்டார். ஆமாம் என்றேன். வியாழக்கிழமைத் தலைப்பு 'கடன்'. விருந்தினருக்கு இருபது நிமிடம், அதில் பாதியாவது தலைப்பைத் தொட வேண்டும், மீதி அவர் விருப்பம். இதைக் கேட்டதும் சிலர் தயங்குவார்கள். நன்றாகப் பழகிய நாலு கவிதைகள் கையில் இருக்கும், எந்த மேடையிலும் அதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கிவிடலாம், அப்படி இருப்பவரைப் புதிதாக எழுதச் சொன்னால் சிரமம்தான். ஆனால் முதல் தடவை மேடை ஏற வருகிறவர் ஒரு வாரமாக அந்தத் தலைப்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறார். பெரிய கவிஞர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால், தலைப்பு என்பது கற்றுக்குட்டிகளுக்கான பயிற்சி என்று ஆகிவிடும். காளமேகத்திடம் 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடிக்கச் சொன்னார்களாம், அவர் அதற்குள்ளேயே முருகனைப் பாடிக் காட்டினாராம். கட்டுப்பாட்டுக்குள் பாடுவதைத் திறமையின் உச்சமாகப் பார்த்தவர்கள் நம்மவர்கள்.

இவர் தயங்கவில்லை. "சரி, எழுதிப் பார்க்கிறேன்" என்றார்.

பிப்ரவரி 5, வியாழன், நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

விருந்தினர் எல்லோருக்கும் முன்பே வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். மடியில் ஒரு சின்ன நோட்டு. பெயர்ப் பட்டியலில் நாலாவதாக ஒரு பெண், புதியவர். தன்னைப் படிக்க வைப்பதற்காக அக்கா பள்ளியோடு நின்றுவிட்டதைப் பற்றி எழுதியிருந்தார். பாதியில் போன் திரை அணைந்துவிட்டது. கை நடுங்கியதில் கடவுச்சொல் இரண்டு முறை தப்பாகப் போனது. கூட்டத்தில் யாரோ அவசரமாகக் கைத்தட்ட ஆரம்பித்தார்கள், விருந்தினர் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "நிதானமா எடுங்கம்மா, நாங்க இருக்கோம்" என்றார். அந்தப் பெண் மிச்சத்தையும் படித்தார். அந்த மிச்சத்தில்தான் கவிதையே இருந்தது.

அப்புறம் விருந்தினர் மேடை ஏறினார். நோட்டைப் புரட்டி, முதலில் சொல்ல நினைத்திருந்ததைத் தள்ளிவைத்து, அக்கா கவிதை கேட்ட பிறகுதான் இதைச் சொல்லத் துணிச்சல் வந்தது என்று சொல்லி, தன் அப்பா பிறருக்காக ஜாமீன் கையெழுத்து போட்ட கதையை எடுத்தார். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் லேசாகப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டார். நேராக வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதி டப் டப்பென்று வெடிக்கும். இவர் 'அப்பா' என்று எத்தனையோ முறை சொன்னார், ஒரு வெடிப்பு இல்லை. அடுத்து ஏறியவர்களில் இரண்டு பேர் தானாகவே மைக்கைச் சாய்த்தார்கள். நான் மாதக்கணக்கில் சொல்லியும் நடக்காத காரியம் அது.

பிப்ரவரி 8, ஞாயிறு

விருந்தினரைக் கடைசியில் போடச் சொல்லி நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்குச் சம்மதம் இல்லை. கடைசியில் போட்டால் மற்றவர்கள் எல்லாம் அவருக்கு முன் மேடை சூடேற்றுகிறவர்கள் ஆகிவிடுகிறார்கள். முதலிலேயே போட்டால் அவர் முடித்ததும் பாதிக் கூட்டம் எழுந்துவிடும். நடுவில்தான் சரி. சிகாகோவில் மார்க் ஸ்மித் 1986-ல் கிரீன் மில் விடுதியில் ஞாயிறு இரவுகளில் கவிதை ஸ்லாம் என்ற, மதிப்பெண் போட்டு நடத்தும் மேடைக் கவிதைப் போட்டியைத் தொடங்கியபோது உருவான வரிசையும் இதுதான்: முதலில் யார் வேண்டுமானாலும் ஏறிப் படிக்கும் ஓபன் மைக், அப்புறம் விருந்தினர், கடைசியில் போட்டி. நாங்கள் போட்டி வைப்பதில்லை, பின்பாதியிலும் ஓபன் மைக்தான். அதில் ஒரு சிக்கல் உண்டு. விருந்தினருக்கு அடுத்த இடம் பொல்லாதது. கூட்டம் இன்னும் அவர் குரலிலேயே இருக்கும். அந்த இடத்தில் புதியவரை ஒருபோதும் நிறுத்தக் கூடாது, பழகிய கை ஒன்று வேண்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

கோபமாக இருக்கிறது. இன்றைய விருந்தினர் தன் நேரத்துக்குச் சரியாக வந்து, நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டு, முடித்த கையோடு கிளம்பிவிட்டார். தலைப்பு 'கதவு'. அந்தச் சொல்கூட அவர் வாயில் வரவில்லை. குரல் அருமை, மறுக்கவில்லை. ஆனால் இடத்தை மூடும் நேரம் வந்துவிட்டதால் பட்டியலின் கடைசி மூன்று பேர் படிக்காமலே போனார்கள். அதில் ஒரு பெரியவர் முதன்முறையாக வந்திருந்தார். மடித்த தாளை மறுபடியும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பரவாயில்லை தம்பி" என்றார். பரவாயில்லை இல்லை.

ஸ்லாம் போட்டிகளில் ஒருவருக்கு மூன்று நிமிடம், சலுகையாகப் பத்து விநாடி, அதற்கு மேல் போனால் மதிப்பெண் குறையும். எவ்வளவு பெரிய பெயரானாலும் விதி ஒன்றுதான். நேரம் என்பது அடுத்தவருடையது, அவ்வளவுதான் விஷயம்.

பிப்ரவரி 13, வெள்ளி

குழுவில் பேசி முடிவு செய்தோம். இனி விருந்தினருக்கும் பதினெட்டாவது நிமிடத்தில் பின்வரிசையிலிருந்து விளக்கு காட்டப்படும். முதல் கவிதையிலிருந்து கடைசிப் பெயர் வரை உட்கார முடிகிறவரை மட்டுமே அழைப்போம். புகழ் குறைந்தவர்தான் கிடைப்பார் என்று ஒருவர் சொன்னார். கிடைக்கட்டும். பெரியவரைப் போனில் பிடித்தேன். வருகிறேன் என்றார்.

பிப்ரவரி 19, வியாழன்

தலைப்பு 'பெயர்'. பட்டியலில் முதல் இடம் பெரியவருக்கு. 'கதவு' கவிதையையே கொண்டு வந்திருந்தார், படிக்கச் சொன்னோம். இறந்த மனைவி கதவைத் தட்டும் விதம் பற்றியது, இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. அதைச் சொல்லும்போது மைக் கம்பியில் விரலால் தட்டிக் காட்டினார். மைக் கம்பியில் தட்டினால் எரிச்சலூட்டும் சத்தம்தான் வரும், ஆனால் இன்று வேண்டியது அதுதான்.

விருந்தினர் இளையவர், இதுவரை புத்தகம் எதுவும் போடாதவர். பதினெட்டாவது நிமிடம் விளக்கைப் பார்த்ததும் தலையசைத்து, கையிலிருந்த நீண்ட கவிதையை விட்டுவிட்டு ஒரு குட்டிக் கவிதையோடு முடித்தார். பட்டியல் முழுவதும் ஓடியது. போகும்போது பெரியவரிடம் போய் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரத் தலைப்பு 'அண்டை வீடு'. விருந்தினராக அக்கா கவிதை எழுதிய பெண்ணையே பத்து நிமிடத்துக்குக் கேட்டிருக்கிறேன். நாளை பதில் சொல்வதாகச் சொன்னார்.