கூண்டுக்கு இடம் தேடி: ஆறு வாரம், நான்கு இடங்கள்

பறவை வருவதற்கு முன்பே கூண்டுக்கு இடம் குறித்துவிட்டேன். வரவேற்பறை ஜன்னலோரம். வெளிச்சம் உண்டு, காற்று உண்டு, உள்ளே நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படும். மூன்றாவதுதான் உண்மையான காரணம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

வந்தது ஒரு பச்சை நிறப் பட்ஜெரிகர். 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்கள். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவின் குட்டை வால் கிளி. இதுவோ ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் கூட்டங்கூட்டமாகத் திரியும் நீள வால் இனம். பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். கூட்டத்தோடு வாழ்வது, வானத்தில் வல்லூறு வட்டமிடுகிறதா என்று பார்த்துக்கொண்டே மேய்வது என்ற இரண்டையும் அன்றே யோசித்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அம்மா அதற்கு மரகதம் என்று பெயர் வைத்தார்.

மூன்றாம் நாள் கூண்டின் அடித்தட்டில் விரித்திருந்த காகிதத்தை மாற்ற எடுத்தேன். எச்சம் முழுவதும் ஒரே மூலையில், ஒரு நாணய அகலத்தில் குவிந்து கிடந்தது. மற்ற இடமெல்லாம் விரித்தபடியே சுத்தமாக இருந்தது. அதாவது, அது மூன்று நாளாக அந்த ஒரு குச்சியின் ஒரு நுனியை விட்டு நகரவே இல்லை. தீனிக் கிண்ணத்துக்குப் போய்வந்த நேரம் தவிர, ஜன்னலுக்கு எதிர்மூலையில், இறகுகளை உடலோடு ஒட்டி விரல் கனத்துக்கு ஒடுங்கி, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மேலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இந்தக் காகிதம் அதன்பிறகு எனக்கு வரைபடம் ஆகிவிட்டது. தினமும் அதைப் பார்க்காமல் எறிவதில்லை.

ஒரு முக்காலியைப் போட்டு, என் தலை கூண்டின் உயரத்தில் இருக்கும்படி அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே மழைத்தடுப்பில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்தது. நமக்கு அது காகம். முப்பத்தைந்து கிராம் எடையுள்ள ஓர் உயிருக்கு அது தலைக்கு மேல் நிற்கும் எமன். கண்ணாடி நடுவில் இருக்கிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்?

காகம் போதாதென்று வெயில் வேறு. மாலை நான்கு மணிக்கு அலகைத் திறந்து, இறக்கைகளை உடலிலிருந்து சற்று விலக்கி நிற்கும். வெயில் காய்கிறது என்று இரண்டு நாள் ரசித்திருக்கிறேன்! வெப்பமானியைக் கூண்டருகே வைத்தபோது 38 டிகிரி. அதே அறையின் உள்பக்கம் 31. பறவைக்கு வியர்வை கிடையாது; அப்படி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சூரிய ஒளி உடம்புக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். வைட்டமின் டி உண்டாக வேண்டிய புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். ஆக, கிடைத்தது சூடு மட்டும்தான்.

இரண்டாவது இடம், சமையலறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் இருக்கும் மேடை. வைத்த ஒரு மணி நேரத்தில் மரகதம் ஆளே மாறிவிட்டது. பாத்திரச் சத்தத்துக்குப் பதில் சத்தம், குழாய் திறந்தால் ஒரு கீச்சு. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மனைவிதான் கேட்டாள்: "வாணலி காய்ந்து புகைந்தால் அதற்கு ஒன்றும் ஆகாதா?"

அன்று மாலையே கூண்டை எடுத்துவிட்டேன். நான்-ஸ்டிக் பாத்திரத்தின் பூச்சு அளவுக்கு மீறிச் சூடேறினால் வெளிவரும் வாயு, நமக்கு மணமாகக்கூடத் தெரியாத அளவிலேயே பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடக்கூடியது. பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. மூச்சை வெளியே விடும்போதும் காற்றறைகளில் இருந்த புதுக்காற்று நுரையீரல் வழியாகவே போகிறது. பறப்பதற்கு வாய்த்த இந்த வசதி, காற்றில் நஞ்சு இருந்தால் அதையும் அவ்வளவு திறமையாக இழுத்துக்கொள்ளும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிப் பறவைகளைக் கொண்டுபோனது இதனால்தான். எண்ணெய்ப் புகை, கொசுவர்த்தி, வாசனைத் தெளிப்பான் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். பறவைக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான் என்பது எனக்கு இன்னமும் வருத்தம். பயத்தை அது காட்டிக்கொடுக்கும். நஞ்சை நாம்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்து, எதிர்த்திசையில் ஒரு தவறு. அமைதி வேண்டும் என்று யாரும் அதிகம் புழங்காத பின்னறையில் வைத்தேன். காகம் இல்லை, வெயில் இல்லை, புகை இல்லை. ஆனால் வரவேற்பறையில் யாராவது பேசினால் உடனே உரக்க அழைக்கத் தொடங்கும். பேச்சு நின்றால் அதுவும் நிற்கும். ஒரு வாரத்தில் அழைப்பும் குறைந்தது. பழகிவிட்டது என்று நினைத்தேன். சமையல் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து அதில் உட்காரச் செய்து எடை பார்த்தால், 36 கிராம் இருந்தது 34 ஆகியிருந்தது. இரண்டு கிராம்தானே என்று தோன்றும். அறுபது கிலோ ஆள் மூன்று கிலோவுக்கு மேல் இளைத்ததற்குச் சமம்.

நான் கூண்டோடு மறுபடி கிளம்பியதைப் பார்த்து அம்மா, "குட்டி போட்ட பூனையைப் போல ஏன்டா அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறாய்?" என்றார். பறவை வீட்டில் சொல்லத் தகாத உவமைதான். ஆனாலும் பொருத்தமாக இருந்தது. ஒவ்வோர் இடமாற்றத்துக்குப் பிறகும் முதல் நாள் அது சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால் நான்காவது முறை, பறவையை நகர்த்தாமல் இடத்தை மட்டும் இரண்டு நாள் சோதித்தேன். வரவேற்பறையின் உள்மூலை; இரண்டு பக்கம் சுவர், ஜன்னல் குறுக்கே தள்ளி. காலை, நண்பகல், மாலை, இரவு என்று வெப்பமானியில் குறித்தேன். மாலை ஐந்து மணிக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்ததில், வெளிப்புறச் சுவர் நாள் முழுக்க வாங்கிய வெயிலை அப்போதுதான் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. அதனால் கூண்டின் முதுகு உட்சுவர்ப் பக்கம். பிறகு ஒரு மெல்லிய காகிதக் கீற்றை நூலில் கட்டிக் கூண்டு வரவேண்டிய உயரத்தில், என் மார்பளவில், தொங்கவிட்டேன். மின்விசிறி மூன்றைத் தாண்டினால் கீற்று படபடத்தது. இரண்டு சாண் தள்ளியதும் அசையாமல் நின்றது. எனக்குத் தோலில் படாத காற்று அது. (கூண்டைத் திறக்கும்போது மின்விசிறி ஓடவே கூடாது. இதில் பேச்சே இல்லை.)

அதன்பிறகுதான் மரகதத்தைக் கூண்டோடு அங்கே கொண்டுவந்தேன். பகலெல்லாம் சரியாக இருந்தது. இரண்டாம் இரவு, கும்மிருட்டில் படபடவென்று கம்பியில் மோதும் சத்தம். தெருவில் திரும்பிய ஏதோ வண்டியின் விளக்கு சுவரில் ஓடியிருக்கிறது. காலையில் தட்டில் மூன்று இறகுகள். அன்றிலிருந்து ஜன்னலுக்குத் தடித்த திரை, கூண்டின் மூன்று பக்கம் மட்டும் துணி, அறையின் மறுகோடியில் ஒரு மங்கலான விளக்கு. திடுக்கிட்டாலும் குச்சி எங்கே என்று தெரிய வேண்டும் அல்லவா? பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் அதற்குத் தேவை என்பதால் இரவுத் தொலைக்காட்சியும் போயிற்று. செய்திகளை இப்போது படித்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

ஆறாம் வாரக் காகிதம்: எச்சம் மூன்று இடங்களில். ஊஞ்சலுக்கு நேர் கீழேயும் ஒன்று! எடை மறுபடி 36. மாலையில் விளக்கைக் குறைத்ததும் ஒற்றைக் காலில் நின்று, இறகைப் புசுபுசுவென்று உப்பவைத்து, அலகை நறநறவென்று அரைக்கிறது. பட்ஜெரிகர் நிம்மதியாகத் தூங்கப் போகும்போது செய்கிற வேலை அது.

மிச்சமிருந்தது ஒரே ஒரு குறை. என் எழுதுமேசை தூணுக்குப் பின்னால் இருந்ததால், நான் உட்கார்ந்ததும் கண்ணுக்கு மறைந்துவிடுவேன். உடனே அழைப்பு தொடங்கும். கூண்டை ஒரு முழம் முன்னால் இழுக்கலாமா என்று கை போனது. அம்மா என்னைப் பார்த்தார். மேசையை நகர்த்தினேன்.