"அங்கே போய் மாத்திக்கலாம்"

போன வாரம் மேலூரிலிருந்து சித்தி மகள் வந்திருந்தாள். தாய்லாந்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறதாம். "டூரிஸ்ட்டாப் போய் இறங்கும்மா, விசாவை அங்க போய் மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொல்றாருக்கா" என்றாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. 2018இல் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து இதே வார்த்தையை நானும் கேட்டேன். நம்பினேன். அம்மாவின் வளையலை அடகு வைத்து 90,000 ரூபாய் கட்டினேன்.

அழகர் ஆற்றில் இறங்கி இரண்டு வாரம் கழித்துக் கிளம்பினேன். கையில் 60 நாள் டூரிஸ்ட் விசா. வடகிழக்குத் தாய்லாந்தில் கோன் கேன் பக்கம் ஒரு சிறிய ஊர். வெயிலைப் பார்த்தால் மதுரையை விட்டு வந்த மாதிரியே இல்லை. உரலில் பச்சைப் பப்பாளியை இடிக்கும் சத்தம் தெருவெல்லாம் கேட்கும். ஒட்டுச் சோற்றை விரலால் உருட்டித்தான் சாப்பிடுவார்கள், அதனால் பந்தியில் எனக்குக் கூச்சம் வரவில்லை. கருவேப்பிலைக்குத்தான் ஏங்கிப் போனேன். பிள்ளைகள் என்னை 'க்ரூ' என்று கூப்பிட்டார்கள். நம்முடைய 'குரு'தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது அவ்வளவு பிடித்திருந்தது.

பள்ளியில் விசாவைப் பற்றிக் கேட்டால், முதல் மாதம் போகட்டும் என்றார்கள். அப்புறம், மூன்று மாதம் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்றார்கள்.

ஜூன் வாக்கில் ஒரு வியாழக்கிழமை அங்கே பள்ளிகளில் 'வை க்ரூ' நடக்கும். குருவணக்கம். பிள்ளைகள் கொண்டுவந்த தட்டுகளைப் பார்த்து அசந்துவிட்டேன். அருகம்புல், கத்தரிப்பூ, இட்லிப்பூ, நெல்பொரி. எல்லாம் நம் வீட்டுக் கொல்லையிலும் கோயில் வாசலிலும் இருப்பவை. மிதித்தாலும் படரும் அருகம்புல் மாதிரி படிப்பு வளர வேண்டும், தலைகவிழ்ந்து பூக்கும் கத்தரிப்பூ மாதிரி பணிவு வேண்டும், இட்லிப்பூ மொட்டின் கூர்மை புத்திக்கு வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொன்னார்கள். கேட்கக் கேட்க அத்தனை சந்தோஷமாக இருந்தது. அப்போது அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து, "போட்டோ எடுப்பார்கள், நீங்கள் மேடையில் உட்கார வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

கேன்டீனுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நின்றேன். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தட்டை ஏந்திக்கொண்டு என்னைத் தேடி வந்துவிட்டாள். ஈரச் சிமென்ட் தரையில் முட்டி போட்டுக் கும்பிட்டாள். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று அவளை அவசர அவசரமாகத் திருப்பி அனுப்பினேன். இப்போது நினைத்தாலும் தொண்டையை அடைக்கிறது.

பள்ளி ஏன் ஒளித்து வைக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. 2018இல் திருத்திய சட்டப்படி, பெர்மிட் இல்லாமல் வேலை பார்க்கிற வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 50,000 பாட் (அந்த ஊர்ப் பணம்) வரை அபராதம். நாட்டைவிட்டும் அனுப்பிவிடுவார்கள், இரண்டு வருடத்துக்குப் பெர்மிட் கிடையாது. வேலை கொடுத்தவருக்கு ஆளுக்கு 10,000 முதல் ஒரு லட்சம் பாட் வரை.

ஜூலையில் 1,900 பாட் கட்டி விசாவை 30 நாள் நீட்டித்தேன். "இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று குடியேற்ற அலுவலகத்தில் கேட்டார்கள். ஊர் சுற்றிப் பார்க்கிறேன் என்றேன். விரலில் போர்டு மார்க்கர் நீலமாக ஒட்டியிருந்தது. அந்தக் கையைப் பாஸ்போர்ட்டுக்கு அடியில் மறைத்துக்கொண்டேன். பொய் சொல்லிப் பழகாத வீட்டில் வளர்ந்தவள் நான்.

ஆகஸ்டில் அந்த நாட்களும் தீர்ந்தன. மேகாங் ஆற்றைத் தாண்டி லாவோஸ் போய் இன்னொரு டூரிஸ்ட் விசா வாங்கி வரச் சொன்னார்கள். நான் மதுரைக்கு டிக்கெட் எடுத்தேன். கடைசி அரை மாதச் சம்பளம் வரவே இல்லை. புகார் கொடுக்கப் போனால் முதலில் மாட்டுவது நான்தானே.

விசாவை அங்கே மாற்ற வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. வழி இருக்கிறது, ஆனால் அதற்கான காகிதம் பள்ளியின் கையில் இருக்கிறது. அவர்கள் கொடுக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. மறுவருடம் முறையாகவே போனேன். டிகிரி சான்றிதழுக்கு அட்டெஸ்டேஷன், மதுரை பாஸ்போர்ட் ஆபீசில் போலீஸ் கிளியரன்ஸ், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களிடம் கேட்கிற டோயிக் தேர்வு. பள்ளியின் கடிதத்தோடு சென்னையில் இருக்கிற தாய்லாந்து துணைத் தூதரகத்தில் 'நான் இமிகிரன்ட் பி' விசா. அங்கே போனதும் நீல அட்டை போட்ட பெர்மிட் புத்தகம். ஆசிரியர்களுக்கான மன்றத்துக்கு அங்கே பெயரே 'குருசபா'தான், அவர்களுடைய அனுமதியும் வந்தது. அந்த ஜூனில் மேடையில் உட்கார்ந்தேன். மடி நிறைய இட்லிப்பூ.

2024 ஜூலையில் இந்தியர்களுக்கு விசா இல்லாமலே 60 நாள் தங்கும் அனுமதி வந்தபோது ஏஜென்ட்களுக்கு ஆள் பிடிப்பது இன்னும் சுலபமானது. 2022இல் தாய்லாந்து வேலை என்று கூட்டிப் போய் மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைத்தார்களே, அதில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பயம் எனக்கு இருக்கிறது.

ஏஜென்ட்டிடம் மூன்று விஷயம் கேள் என்று சித்தி மகளிடம் சொன்னேன். உன் பெயருக்குப் பள்ளி கொடுத்த கடிதம் எங்கே? 1983 குடிபெயர்வுச் சட்டப்படி அவர் பதிவு செய்த ஏஜென்ட் என்றால் அந்த எண் என்ன? கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தானே, அவர் கேட்கிற 1,20,000 எதற்கு? என் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள்.

"லெட்டரெல்லாம் வரும்மா, முதல்ல டிக்கெட்டைப் போட்டுருவோம்" என்றார் அவர்.

பாஸ்போர்ட் அவரிடம்தான் இருக்கிறதாம். நாளைக்குக் காலையில் அதைத் திரும்ப வாங்க அவளோடு நானும் போகிறேன்.