ஒக்டோபரில் எங்கள் அறுவடை விருந்து

கனடாவில் தாங்ஸ்கிவிங் ஒக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை வரும். அமெரிக்காவில் இருக்கிற உறவுகளுக்கு அது நவம்பரின் நாலாவது வியாழன். எல்லைக்கு இந்தப் பக்கம் குளிர் முந்தி வந்துவிடும், தோட்டங்களும் முந்தி ஓய்ந்துவிடும், அதனால் விருந்தும் முந்தி. ஒருகாலத்தில் இங்கேயும் நாள் மாறி மாறித்தான் வந்தது, 1879இல் நவம்பரில் கொண்டாடியிருக்கிறார்கள். 1957இல்தான் நாடாளுமன்றம் ஒக்டோபரின் இரண்டாவது திங்கள் என்று நிலையாக வைத்தது. அந்தப் பிரகடனம் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாள் என்றுதான் சொல்கிறது. வான்கோழியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

புதிதாக வந்த எங்களுக்கு அது வெறும் நீண்ட வாரவிறுதி. எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது இங்கே பெரிய விஷயம் என்பதால் ஸ்காபரோவில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ரோல்ஸ், பிரைட் ரைஸ், ஆட்டிறைச்சிக் கறி என்று கடையில் தட்டுத் தட்டாக எடுத்து வருவார்கள். பிறந்தநாளுக்கும் அதே சாப்பாடு, புது வீடு குடிபுகுந்தாலும் அதே சாப்பாடு. வயிறு நிறையும், கதைத்துச் சிரிப்போம், அவ்வளவுதான். அந்த நாளுக்கும் நாங்கள் காலூன்றி நிற்கிற இந்த மண்ணுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பது சந்தைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நான் யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரி. அப்பா தோட்டக்காரர். செம்மண், கிணற்றுத் தண்ணி இறைப்பு, வெங்காயம், மிளகாய், பீட்றூட். ஊரில் ஒக்டோபர் என்றால் மாரி மழையைப் பார்த்துக்கொண்டு வயலில் நெல் விதைக்கிற காலம். அறுவடை தையில்தான், பொங்கலும் அதனால்தான் தையில். இங்கே தைப்பொங்கல் அன்று வாசலில் பனி முழங்கால் மட்டும் கிடக்கும். கரும்பும் வாழையும் மாவிலையும் கடல் தாண்டி வரும், பூசணிகூட மெக்ஸிகோவிலிருந்து லொறி ஏறி வரும். பொங்கலை நான் ஒருநாளும் விடமாட்டேன், அது எங்களுடையது. ஆனால் இந்த மண் எங்களுக்குத் தருகிற மாதம் ஒக்டோபர். தோட்டக்காரன் மகளுக்கு அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

ரொறன்ரோவிலிருந்து 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஐம்பது கிலோமீற்றர் அளவு போனால் வீதியின் இரண்டு பக்கமும் திடீரென்று நிலம் கறுத்துவிடும். ஹொலண்ட் மார்ஷ். பழைய சதுப்பு நிலம். 1920களில் வாய்க்கால் வெட்டித் தண்ணியை வடியவிட்டு விளைநிலமாக்கினார்கள். 1934இல் ஒல்லாந்துக் குடும்பங்கள் வந்து குடியேறித் தோட்டம் செய்யத் தொடங்கின. அவ்வளவு கறுப்பான மண்ணை நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. கரட்டும் வெங்காயமும் செலரியும் அங்கே குவிந்து கிடக்கும். அப்பாவின் செம்மண்ணையும் இந்தக் கரிமண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஒவ்வொரு முறை அந்த வீதியால் போகும்போதும் நினைப்பேன்.

சரி, சமையலுக்கு வருகிறேன். 2021இல் எங்கள் வீட்டு தாங்ஸ்கிவிங் முழுவதுமே மாறிப்போனது. அதற்கு முந்தின வருடம் கொவிட் காரணமாக அவரவர் வீட்டாரோடு மட்டும் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள், ஆளையாள் திரையில் பார்த்துக் கை காட்டியதோடு சரி. அடுத்த வருடம் எல்லோரும் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். நாட்காட்டியைப் பார்த்தால், நவராத்திரி 7ஆம் திகதி தொடங்குகிறது, தாங்ஸ்கிவிங் 11ஆம் திகதி. வரவேற்பறையில் கும்பம் வைத்து நவதானியம் முளைத்துக்கொண்டிருக்கிறது. மாமி ஒன்பது நாளும் மச்சம் தொடமாட்டா. மச்சாள் குடும்பமும் அப்படித்தான். "மேசையில் ஒரு பக்கம் வான்கோழி, ஒரு பக்கம் மரக்கறி" என்று பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே மேசை, ஒரே சாப்பாடு, முழுக்க மரக்கறி என்று முடிவெடுத்தேன். அதுவும் இந்த மண்ணில் அந்தக் கிழமை பிடுங்கினதாக இருக்க வேண்டும். தேங்காய், கறிவேப்பிலை, பச்சை மிளகாய், சரக்குச் சாமான்களுக்கு மட்டும் தமிழ்க் கடை.

சனிக்கிழமை விடிய மாமியையும் கூட்டிக்கொண்டு விவசாயிகள் சந்தைக்குப் போனேன். ஒக்டோபர்ச் சந்தையைப் பார்க்க வேண்டும். கோடையில் தக்காளியும் பீச்சும் மினுங்கும், ஆனால் எனக்குப் பிடித்தது இந்த மாதத்துச் சந்தைதான். மண் காயாத பீட்றூட், இலையோடு கட்டின கரட், கை மொத்தத்தில் லீக்ஸ். மாமிக்கு லீக்ஸைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. ஊரில் அது நுவரெலியாவிலிருந்து லொறியில் வந்து இறங்கும்போதே பாதி வாடியிருக்கும். இங்கே வெள்ளைத் தண்டில் பனித்துளி நின்றது.

பூசணி தெரிவதில் மாமியை வெல்ல ஆளில்லை. கபோச்சா என்ற கரும்பச்சைப் பூசணியும், சுரைக்காய் வடிவத்தில் வெளிர் மஞ்சள் தோலோடு இருக்கிற பட்டர்நட்டும் அவவுக்குப் புதிது. ஆனால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாரம் பார்த்தா, தோலை நகத்தால் கீறிப் பார்த்தா. "பிள்ளை, தோல் மினுங்கினால் அது இன்னும் முத்தேல்லை. காம்பு மரம் மாதிரிக் காஞ்சிருக்கோணும். இதை எடு." கடைக்காரப் பெண் பார்த்துக்கொண்டே நின்றா. தன் தாயும் இப்படித்தான் நகத்தால் பார்ப்பா என்று சொன்னா. நான் மாமிக்கு அதைச் சொல்ல, அவ சந்தோஷத்தில் இன்னொரு பூசணியும் எடுத்தா.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே குசினி நிறைந்துவிட்டது. வான்கோழி இருக்க வேண்டிய இடத்துக்கு கபோச்சாவை வைத்தேன். மேலே மூடி மாதிரி வட்டமாக வெட்டி, விதையை வழித்தெடுத்து, உள்ளே உப்பும் மிளகுத்தூளும் நல்லெண்ணெயும் பூசி, 200 பாகை செல்சியஸில் ஓவனுக்குள் முழுதாக வைத்தேன். ஒரு மணித்தியாலம் போனதும் கத்தி நோகாமல் இறங்கினது. அதற்குள் லீக்ஸும் காளானும் போட்ட கொண்டைக்கடலைப் பிரட்டல். மேசையில் கொண்டுபோய் வைத்துக் கேக் மாதிரித் துண்டு போடும்போது தோலோடு வெட்டுப்பட்டு வரும், கபோச்சாவின் தோலையும் சாப்பிடலாம். வழித்த விதையை எறிய வேண்டாம். கழுவிக் காயவைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி வறுத்தால் பிள்ளைகள் சமையல் முடிவதற்குள் முடித்துவிடுவார்கள்.

பட்டர்நட்டில் பால்கறி. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரிலிருந்து வந்த யாரும் இதைச் சாப்பிட்டுவிட்டு இங்கத்தைய பூசணியில் குறை சொன்னதில்லை. பட்டர்நட்டில் தண்ணி குறைவு, மாப்பிடிப்பு அதிகம், இனிப்பும் கூட. அதனால் துண்டைப் பெரிதாக வெட்ட வேண்டும், சின்னதாக வெட்டினால் களியாகிவிடும். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலையோடு தேங்காயின் இரண்டாம் பாலில் அவியவிட வேண்டும். மூடி வேண்டாம், கரண்டியால் கிண்டவும் வேண்டாம், சட்டியைப் பிடித்து ஆட்டினால் போதும். துண்டின் ஓரம் மட்டும் கரையத் தொடங்கும்போது முதற்பால், ஒரு கொதி வர இறக்கி, தேசிக்காய்ப்புளி ஒரு சொட்டு. தேசிக்காய் முக்கியம், இல்லாவிட்டால் இனிப்பு மேலோங்கிவிடும்.

பிரசல்ஸ் ஸ்பிரௌட்ஸ் என்றால் இங்கே பிறந்த பிள்ளைகள்கூட முகம் சுளிக்கும். தண்டோடு விற்பார்கள். ஒரு முழ நீளத் தண்டில் நெல்லிக்காய் அளவுக் கோவாக்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். குளிர் பட்ட பிறகுதான் அதற்கு இனிப்பு ஏறும், கரட்டுக்கும் கேல் கீரைக்கும் அப்படித்தான். உறைபனிக்குத் தாக்குப்பிடிக்க அந்தச் செடி தன்னிடமுள்ள மாச்சத்தைச் சீனியாக மாற்றிக்கொள்ளும். அவிக்க அவிக்கத்தான் அந்தக் கந்தக மணம் கிளம்பும். நான் அவிப்பதே இல்லை. கோவா வறைக்கு அரிவது போல மெல்லிசாக அரிந்து, கடுகு, செத்தல் மிளகாய், மஞ்சளோடு பெரிய நெருப்பில் நாலைந்து நிமிடம், அடுப்பை நிற்பாட்டிவிட்டுத் தேங்காய்ப்பூ. அன்றைக்கு முதலில் காலியான சட்டி அதுதான்.

கிரான்பெரி மஸ்கோக்காப் பக்கத்தில் பாலா என்ற ஊரிலிருந்து வந்தது. அறுவடையில் வயலுக்குத் தண்ணி விடுவார்கள், பழத்துக்குள் காற்றறைகள் இருப்பதால் எல்லாம் மிதந்து மேலே வந்துவிடும், வாரி எடுப்பார்கள். பச்சையாக வாயில் போட்டால் பல் கூசும் புளிப்பு. நல்லெண்ணெயில் கடுகு வெடித்ததும் இஞ்சி, செத்தல் மிளகாய், கழுவின கிரான்பெரி, ஊரிலிருந்து அக்கா அனுப்பின பனங்கட்டி. பழம் ஒவ்வொன்றாகப் படபடவென்று வெடிக்கும், சின்னவன் அதைக் கேட்கவே அடுப்படியில் நின்றான். மாவோ வேறெதுவோ போடத் தேவையில்லை, ஆற ஆறத் தானாகவே இறுகிவிடும். கடையில் தகரத்தில் விற்கிறதை மட்டும் சாப்பிட்டவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

கரட் சம்பல், பீட்றூட் கறி, அதன் இலையில் ஒரு வறை, குத்தரிசிச் சோறு. இனிப்புக்கு மகள் அப்பிள் கிரம்பிள் செய்தாள், முட்டை இல்லாததால் மாமிக்கும் தடையில்லை. கிரம்பிளுக்கு நோதர்ன் ஸ்பை நல்லது, குலையாமல் நிற்கும். மக்கின்ரோஷ் கரைந்துபோகும், ஆனால் வெறுமனே கடித்துச் சாப்பிட எனக்கு அதுதான். 1811இல் இதே ஒன்ராறியோவில் ஒரு விவசாயியின் நிலத்தில் தானாக முளைத்து நின்ற மரத்திலிருந்து வந்த இனம் அது.

நவராத்திரி தள்ளிப்போகிற வருடங்களில் வான்கோழியும் வரும். அண்ணா பொறுப்பு. உறைந்ததை வாங்கினால் குளிர்சாதனப் பெட்டியில் கிலோவுக்கு 10 மணித்தியாலம் வைத்து உருகவிட வேண்டும், ஆகவே வியாழனே தொடங்க வேண்டும். மிளகு, பெருஞ்சீரகம், உள்ளி, இஞ்சி அரைத்து வெண்ணெயோடு தோலுக்கு அடியில் பூசுவோம். வெந்ததா என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, தொடையின் தடித்த இடத்தில் எலும்பில் படாமல் வெப்பமானியைக் குத்தினால் 82 பாகை காட்ட வேண்டும். மிஞ்சுகிற எலும்பில் அடுத்த நாள் ரசம். ஆனால் அந்த வருடங்களிலும் பூசணியைப் பக்கத்தில் ஒதுக்குவதில்லை, நடு மேசை அதற்குத்தான்.

சாப்பிடத் தொடங்க முதல் ஆளுக்கொரு நன்றி சொல்வது இங்கத்தைய பழக்கம், மகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தது. அன்றைக்கு மாமியின் முறை வந்தபோது கும்பத்தைப் பார்த்தா, பூசணியைப் பார்த்தா, "தோட்டம் செய்யிற ஆக்கள் நல்லாயிருக்கோணும்" என்றா. என் அப்பாவுக்கும் சேர்த்துச் சொன்னது போல இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் வெளிச்சம் போவதற்குள் எல்லோரையும் பின்வளவுக்கு இறக்கினேன். ஒன்ராறியோவில் உள்ளி நடுகிற காலமும் இதுதான். சந்தையில் வாங்கின உள்ளியைப் பல்லுப் பல்லாகப் பிரித்து, கூர் மேலே இருக்க, இரண்டங்குல ஆழத்தில் ஊன்றி, மேலே காய்ந்த இலைகளை மூடிவிட்டால் பனிக்குள் கிடந்து வசந்தத்தில் முளைக்கும், யூலையில் கிண்டலாம். மாமி ஒரு சாண் இடைவெளி விடச் சொன்னா, அண்ணா அரைச் சாண் போதும் என்றார். ஒரு வரிசை மாமி சொன்னபடி, மற்ற வரிசை அண்ணா சொன்னபடி நட்டோம்.