தீபாவளி போர்டும் ரெட் அலர்ட்டும்

"மழையே பெய்யலையே, எதுக்குக் கிழிச்சீங்க?" என்று, மாடி மேல் நாங்கள் வைத்திருந்த தங்கள் தீபாவளி போர்டின் ஃப்ளெக்ஸைப் பற்றி நகைக்கடையின் விளம்பர மேனேஜர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லியும் விட்டேன். எனக்குள் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது, முந்தின நாள் மொட்டை மாடியில் வைத்து எங்கள் ஃபிட்டர் அண்ணன் கேட்டதுதான்.

"கீழ போறவங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதானே சார் எங்கள ஏறச் சொல்றீங்க?"

கோபமோ சலிப்போ அதில் தெரியவில்லை. விவரம் கேட்டுக்கொள்கிற மாதிரிதான் கேட்டார். "ஆமாண்ணே, சீக்கிரம் முடிச்சிட்டு இறங்கிடலாம்" என்றேன். சரி என்று கட்டரை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். கூட இரண்டு பையன்கள். தூறல் நிற்கவில்லை. போர்டைத் தாங்குகிற இரும்பு ஆங்கிள் எல்லாம் ஈரம்.

2024 அக்டோபர் 16. சென்னைக்கு ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் ஜனங்கள் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்களே, அந்த வாரம். தீபாவளி 31-ஆம் தேதி. ஹோர்டிங் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. துணிக்கடை, நகைக்கடை, ஸ்வீட், படம் ரிலீஸ் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே ரோடு வேண்டும். 100 அடி ரோட்டில் அந்த மாடி சைட்டை நகைக்கடைக்காரர்கள் பல மாதங்களுக்கு முன்பே பேசி வைத்திருந்தார்கள். கல்யாணப் பெண் அலங்காரத்தில் ஒரு நடிகை, கழுத்து நிறைய ஆரம். போர்டு ஏறி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மேனேஜர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. "ரெட் அலர்ட் மழைக்குத்தானே சார் குடுத்தாங்க? காத்துக்குக் குடுக்கலையே?" என்றார். சரிதான். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை என்பதுதான் அந்தச் சிவப்பு எச்சரிக்கையின் கணக்கு. அது புயலும் இல்லை, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான். கடைசியில் அதுவும் வடக்கே நகர்ந்து, 17-ஆம் தேதி விடியற்காலையில் சென்னைக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்தது. பயந்த அளவு மழை நகரத்துக்குள் இல்லை, காற்றும் இல்லை. போர்டு அப்படியே நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

ஆனால் 16-ஆம் தேதி மத்தியானம் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கணக்குதான். 40-க்கு 20 போர்டு என்றால் 800 சதுர அடி. மடித்து வைத்தால் அந்த ஃப்ளெக்ஸ் 25 கிலோ சுமாருக்குத்தான் இருக்கும், ஒரு ஆள் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறிவிடுவார். அதையே விரித்துக் கட்டி, மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் ஃபிரேமின் மேல் இரண்டு டன்னுக்கு மேல் தள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற விசை நாலு மடங்கு. ஃப்ளெக்ஸ் இல்லாத வெறும் கம்பிக்கூடு என்றால் காற்று உள்ளே புகுந்து போய்விடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது 100 கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்றில் இந்த ஊரில் என்னென்ன சாய்ந்தது என்று பார்த்தவன் நான். தாழ்வு மண்டலம் என்றாலும் திடீரென்று சூறையாக ஒரு வீச்சு வரலாம். ஒரு வீச்சு போதும்.

அதனால் இறக்கச் சொன்னேன். இறக்க நேரமில்லை என்றார்கள், கிழிக்கச் சொன்னேன். கிழிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒரு மூலைக் கயிற்றை மட்டும் அறுத்தால் ஃப்ளெக்ஸ் படபடத்து ஆளையே அடித்துத் தள்ளிவிடும். நாலு பக்கக் கட்டையும் அறுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, நடுவில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீற வேண்டும். அண்ணன் அப்படித்தான் கீறினார். கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கால் வைக்கிற ஒவ்வொரு ஆங்கிளையும் முதலில் உள்ளங்கையால் வழித்துத் துடைத்துவிட்டு, பிறகுதான் காலை வைத்தார். சேஃப்டி பெல்ட் போட்டிருந்தார். ஆனால் கொக்கியை மாட்டினால் அந்த இடத்தில் நிற்கத்தான் முடியும், நகர முடியாது. நகர்கிற நேரமெல்லாம் கொக்கி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற இரண்டு பையன்களும் அதையே பார்த்துச் செய்தார்கள்.

அங்கேதான் அந்தக் கேள்வி எனக்கு முழுதாக உறைத்தது.

இந்தத் தொழிலில் நாங்கள் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிற சம்பவங்கள் சில உண்டு. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மேல் பேனர் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. 2024 மே மாதம் மும்பை காட்கோபரில், 40-க்கு 40 தான் அனுமதி என்ற இடத்தில் நின்ற 120-க்கு 120 ஹோர்டிங் புழுதிக் காற்றில் பெட்ரோல் பங்க் மேல் சாய்ந்து 17 பேர் போனார்கள். இவை இரண்டும் என் பக்கம். ஃப்ளெக்ஸை இறக்கு, இறக்கு என்றுதான் சொல்கின்றன. ஆனால் 2023 ஜூன் 1-ஆம் தேதி கோவை கருமத்தம்பட்டியில் செத்த மூன்று பேர் ரோட்டில் போனவர்கள் இல்லை. போர்டு வேலைக்கு மேலே ஏறியிருந்தவர்கள். காற்று அடித்து ஃபிரேம் அவர்களோடு சேர்ந்து சரிந்தது. மூன்று பேரும் நம் அண்ணனைப் போன்ற ஆட்கள். அன்று மத்தியானம் முதல் இரண்டு சம்பவங்கள்தான் என் தலையில் இருந்தன. மூன்றாவதை ஞாபகப்படுத்தியது அந்தக் கேள்வி.

காற்று வருவதற்கு முன்பே ஏற்றினேன், வந்த பிறகு ஏற்றவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உண்மையும் அதுதான். மூன்று பேரும் பத்திரமாக இறங்கினார்கள், டீ குடித்தோம், அடுத்த சைட்டுக்குப் போனோம். ஆனால் காற்று எத்தனை மணிக்கு வரும் என்று எனக்குத் தெரியாது என்பதால்தானே கிழிக்கவே சொன்னேன்? எந்தத் தெரியாமை கீழே போகிறவர்களுக்காக என்னைப் பயப்பட வைத்ததோ, அதே தெரியாமையோடுதான் மூன்று பேரை மேலே அனுப்பினேன். இதற்கு மேல் என் நியாயம் நகர மாட்டேன் என்கிறது.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணன் இளவயதில் மவுண்ட் ரோடு சினிமா பேனர்களுக்குச் சாரம் கட்டியவர். கையால் வரைந்த முகங்களைத் துண்டு துண்டாக மேலே ஏற்றிச் சேர்த்தவர். அன்று கீறும்போது அந்த நடிகையின் முகத்தை மட்டும் விட்டுவிட்டார். கேட்டதற்கு, "மூஞ்சில கத்தி வைக்க மனசு வரல சார்" என்றார். விளைவு, முகம் முழுசாகச் சிரித்துக்கொண்டிருக்க, விற்க வேண்டிய ஆரம் நாராகத் தொங்கியது. யாரோ படம் எடுத்து வாட்ஸப்பில் விட்டார்கள். கடை முதலாளியின் போனுக்கே போய்ச் சேர்ந்தது. புது பிரின்டுக்குச் சில ஆயிரம்தான், அது பெரிய விஷயமே இல்லை. தீபாவளிக்கு முன் போர்டு இல்லாமல் போன நாட்களுக்கு வாடகையைக் கழித்தார்கள். எங்கள் முதலாளி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அடுத்த தடவை என்னைக் கேட்டுட்டு செய்" என்று மட்டும் சொன்னார். கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

2008-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு சென்னையில் போர்டுகளை வெட்டிச் சாய்த்தபோது ஊரே ஆகாயம் தெரிகிறது என்று சந்தோஷப்பட்டது. எனக்கு அப்போது வருத்தம்தான், இது என் சோறு. 2023-இல் உரிமத்தோடு வைக்கலாம் என்று புது விதிகள் வந்தபோது மனசாரச் சந்தோஷப்பட்டேன். ஆட்டோவில் ஏறி "அந்த நகைக்கடை போர்டுகிட்ட நிறுத்துங்க" என்று சொல்கிற ஊர் இது, பெரிய முகங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த ஊர். போர்டே வேண்டாம் என்று என்னால் மனதறிந்து சொல்ல முடியாது. வேண்டும் என்றால் மழைக்காலத்தில் யாராவது ஏறித்தான் ஆக வேண்டும்.

அதனால் இப்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தாலே ஃப்ளெக்ஸை இறக்குவோம், அந்த நாட்களுக்கு வாடகையைக் கழிக்கிற பேச்சு கிடையாது. இரண்டு க்ளையன்ட் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள், போகட்டும். அதோடு உள் உத்தரவாக இன்னொன்றும் கேட்டேன்: தூறலோ காற்றோ ஆரம்பித்துவிட்டால் யாரும் மேலே ஏறக் கூடாது, ஃப்ளெக்ஸ் போனால் போகட்டும். முதலாளி யோசித்து ஒத்துக்கொண்டார்.

ஒத்துக்கொள்ளாதவர் ஃபிட்டர் அண்ணன். "ஐப்பசி கார்த்திகை முழுக்கத் தூறல்தான் சார். ஏறலன்னா அன்னிக்கு எனக்குக் கூலி ஏது? பசங்களுக்கு நான் என்ன சொல்றது?" என்றார். ஏறாத நாளுக்கும் பாதிக் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாதி போதாது என்கிறார் அவர், பாதியே அதிகம் என்கிறது கணக்குப் பிரிவு. அடுத்த வாரம் மறுபடி உட்கார்ந்து பேசுகிறோம். இந்தத் தடவை அவரையும் கூப்பிட்டிருக்கிறேன்.