வாய்மொழித் தேர்வுக்கு சாட்ஜிபிடி: எதைக் கேட்கலாம், எதை நம்பக்கூடாது

சிங்கப்பூரில் ஓ லெவல் (உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) தமிழ் எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை. சாட்ஜிபிடியிடம் பதிலைக் கேட்காதீர்கள், கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

ஒளிக்காட்சியைப் பார்த்துவிட்டு உரையாடும் பகுதியில் பலருக்குத் தமிழ் தடை இல்லை, சொல்ல விஷயம்தான் இருக்காது. "நல்ல பழக்கம் டீச்சர்" என்பதோடு நின்றுவிடுவார்கள். எனக்கு அது கைகொடுத்தது இங்கேதான். "நீ தேர்வாளர். உணவங்காடி நிலையத்தில் தட்டைத் திருப்பி வைப்பது பற்றி ஒவ்வொரு கேள்வியாகக் கேள். மேலோட்டமாகப் பதில் சொன்னால் ஏன், எப்படி என்று குடை" என்று எழுதுங்கள். விடாமல் குடையும். இரவு பதினொரு மணிக்கும் அதற்குச் சலிக்காது. அம்மாவுக்குச் சலித்துவிடும்.

அது எழுதித் தரும் பதிலை மனப்பாடம் செய்துகொண்டு மட்டும் போகாதீர்கள். உரையாடலில் எதிர்பார்ப்பது நல்ல பேச்சுத்தமிழ். அதுவோ "உதவிக்கொண்டிருக்கிறேன்" என்று எழுத்துத்தமிழில் போகும். பேச்சுத்தமிழில் சொல் என்றால் பல நேரம் சினிமா வசனம் மாதிரி ஒன்று வரும். ல, ள, ழ சரியாக வருகிறதா என்பதற்கும் அதை நம்பவேண்டாம். வாய்விட்டு வாசித்துப் பதிவுசெய்து, வீட்டில் பாட்டியிடம் போட்டுக் காட்டுங்கள்.

சூழலும் இடிக்கும். அடுக்குமாடி புளோக்கில் லிப்ட் பழுது என்று கடிதம் கேட்டால் நகராட்சி ஆணையருக்கு எழுதிவிடும். நமக்கு அது நகர மன்றம். "சிங்கப்பூர்" என்று கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள். பிளாஸ்டிக் பை தலைப்பு வந்தால், பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை முதல் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு என்பதை நீங்களே சேருங்கள். நம்மூர் விவரம் ஒன்று இருந்தாலே பதிலுக்கு உயிர் வரும்.

கட்டுரைக்குக் குறள் கேட்கும்போதுதான் மிகவும் கவனம் வேண்டும். அது புத்தகத்தைப் புரட்டிச் சொல்வதில்லை. அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோத்துக்கொண்டே போகிறது. அதனால் வள்ளுவர் எழுதாத குறளையும் அதிகாரத்தோடு தந்துவிடும். முதல் அடியில் நாலு சீர், அடுத்ததில் மூன்று இருக்கிறதா என்று எண்ணுங்கள். பிறகு எண்ணைப் பாருங்கள். அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்பதால், 391 என்றால் 40ஆம் அதிகாரத்தின் முதல் குறளாக இருக்கவேண்டும். ஆம், "கற்க கசடற"தான், அதிகாரம் கல்வி. எண் பொருந்தாவிட்டால் அங்கேயே விட்டுவிடலாம். பொருந்தினாலும் புத்தகத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பத்தி எங்கே தொய்கிறது, எந்தக் கருத்து இரண்டு முறை வருகிறது என்பதையெல்லாம் ஓரளவு நன்றாகவே சொல்லும். ஒற்றுப்பிழை திருத்தம் வேறு கதை. சரியாக இருப்பதையும் சில நேரம் மாற்றிவிடும். அது திருத்தியதைப் பக்கத்தில் வைத்து, சந்தேகமானவற்றை வட்டமிட்டு, தமிழாசிரியரிடம் கொண்டுபோங்கள்.