ஆத்துக்குள்ள இருக்கற ஊரு

ஆடி மாசம் வந்தா டிவில கீழ ஒரு வரி ஓடும், கொள்ளிடக் கரையோர கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்ததுன்னு. எங்க அம்மா ஊரு அந்த கிராமங்கள்ல ஒண்ணு. சின்ன வயசுலேருந்து லீவுக்கு அங்கதான் கெடப்போம், அதனால அந்த வரிய பாக்கறப்பல்லாம் யாருக்காச்சும் வெவரமா சொல்லணும்னு இருக்கும். ஆறு எங்க ஊருக்குள்ள புகல, ஊரே ஆத்துக்குள்ளதான் இருக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டே இருந்தேன், இப்பதான் உக்காந்தேன்.

வெளியூர்ல இருக்கறவங்களுக்கு ஆறுன்னா தண்ணி ஓடற எடம், அதுக்கு ரெண்டு பக்கமும் கரை, அவ்ளோதான். கொள்ளிடம் அப்படி கெடையாது. வண்டியே போற அளவுக்கு ஒசரமான பெரிய கரைய ரெண்டு பக்கமும் போட்டிருக்காங்க, ஆனா அந்த ரெண்டு கரைக்கு நடுவுல தண்ணி வருஷம் முழுக்க ஓடறது கொஞ்ச அகலத்துலதான். மிச்சம் இருக்கற எடம் படுகை. ஆறு பெருசா வர்றப்ப வந்து படுத்துக்கற எடம்னு எங்க ஆயா சொல்லுவாங்க. அந்தப் படுகைலதான் வீடு, மாடு, கத்திரித் தோட்டம், முல்லைக் கொல்லை, பள்ளிக்கூடம், கோயிலு எல்லாம்.

ஊர் பேர கேட்டாலே நெலம் எப்படின்னு தெரிஞ்சிடும். வல்லம்படுகை, நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல், திட்டுக்காட்டூர், அக்கரை ஜெயங்கொண்டபட்டினம். படுகைன்னா தண்ணி ஏறும். திட்டுன்னா சுத்தி தண்ணி நிக்கும். அக்கரைன்னா நடுவுல ஆத்த தாண்டித்தான் போகணும், இந்தப் பக்கம் பழைய கொள்ளிடம் அந்தப் பக்கம் புதுக் கொள்ளிடம்னு ரெண்டுக்கும் நடுவுல மாட்டிகிட்ட ஊருங்க அது. முதலைமேடுன்னு பேரு சும்மா வெக்கல, அணைக்கரையிலேருந்து சிதம்பரம் பக்கம் வரைக்கும் கொள்ளிடத்துல இன்னைக்கும் முதலை இருக்கு, வெயில் காலத்துல சேத்து மேட்டுல ஏறி படுத்திருக்கறத நானே பாத்திருக்கேன். மாடு குளுப்பாட்ட எறங்கறதுக்கு முன்னாடி மாமா ஒரு கல்ல எடுத்து தண்ணில போடுவாரு.

காவிரி எங்க கொள்ளிடம் எங்கன்னு சில பேருக்கு கொழப்பம் இருக்கு. திருச்சிக்கு மேக்க முக்கொம்புல காவிரி ரெண்டா பிரியுது, தெக்க போறது காவிரி, வடக்க போறது கொள்ளிடம், நடுவுல ஸ்ரீரங்கம். கல்லணை கிட்ட ரெண்டும் திரும்ப பக்கத்துல வருது. காவிரியோட அடி மட்டம் மேல இருக்கு, கொள்ளிடத்தோடது தாழ்ந்து இருக்கு, அதான் எல்லாத்துக்கும் அடிப்படை. காவிரி மேட்டுல ஓடறதால கிளை கிளையா பிரிச்சு வாய்க்கால்ல விட்டா தானா வயலுக்கு பாயும். தஞ்சாவூரு சோறு அப்படி வந்ததுதான். கொள்ளிடம் பள்ளத்துல நேரா கடலுக்கு போறதால அதுலேருந்து அப்படியே வயலுக்கு தண்ணி எடுக்க முடியாது, நடுவுல அணைக்கரைல தடுத்து மட்டத்த ஏத்துனாத்தான் வடவாறு, வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்ல தண்ணி போகும். வடவாறு வழியா வீராணம் ஏரி ரொம்பும், 2004லேருந்து அதுல ஒரு பங்கு மெட்ராஸுக்கு குழாய்ல போகுது. மெட்ராஸ்ல குடிக்கற பாதிப் பேருக்கு அது கொள்ளிடம் வழியா வந்த தண்ணின்னு தெரியாது.

அப்பறம் ஒரு விஷயம், விட்டுட்டா கொள்ளிடமே மொத்த தண்ணியையும் இழுத்துக்கும். பள்ளத்தப் பாத்துத்தானே தண்ணி ஓடும். 1830கள்ல ஆர்தர் காட்டன் முக்கொம்புல மேலணைய கட்டுனது இதுக்குத்தான், கொள்ளிடம் ஆழமாயிட்டே போச்சு காவிரி மணல் மூடிட்டே வந்துச்சு, அப்படியே விட்டிருந்தா டெல்டா காஞ்சிருக்கும். அதனால மொறை என்னன்னா, பாசனத்துக்கு வேணுங்கற தண்ணி காவிரிக்கு, தாங்க முடியாத தண்ணி கொள்ளிடத்துக்கு. மாயவரத்துல காவிரிய பாக்கறவங்க இவ்ளோ சின்னதான்னு கேப்பாங்க, பூம்புகார் போறப்ப இன்னும் வாய்க்கால் மாதிரி ஆயிடும். அதே தண்ணியோட இன்னொரு கை இங்க கடல் மாதிரி போயிட்டு இருக்கும். கொள்ளும் இடம், அதான் கொள்ளிடம்னு சொல்லுவாங்க.

எங்க ஊரு வெள்ளத்துல என்ன அதிசயம்னா மழையே இருக்காது. வானம் பளிச்சுனு இருக்கும், வெயில் மண்டைய பொளக்கும், துணி அரை மணி நேரத்துல காயும். குடகுலயும் வயநாட்டுலயும் பேஞ்ச மழைல கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் ரொம்பி, மேட்டூர் 120 அடி தொட்டு, அதுக்கு மேல வர்றத அப்படியே தொறந்து விடுவாங்க. அங்கேருந்து எங்களுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கும், தண்ணி வந்து சேர ரெண்டு மூணு நாளாகும். அந்த ரெண்டு மூணு நாளுதான் எங்க ஊருக்கு ஆண்டவன் குடுத்த டைம். முன்னாடி தண்டோரா போடுவாங்க, இப்ப ஆட்டோல மைக்கு, அதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்ல மேட்டூர்ல எவ்ளோ வருது எவ்ளோ போகுதுன்னு வந்துடுது. எங்க மாமா அஞ்சாவதுதான் படிச்சாரு, ஆனா ஒரு லட்சம் கன அடின்னா எந்தக் கொல்லை வரைக்கும் தண்ணி வரும், ஒண்ணரை லட்சம்னா யார் வீட்டு வாசப்படி, ரெண்டு லட்சம்னா எப்ப கெளம்பணும்னு அவருக்கு மனப்பாடம்.

2022 ஆகஸ்ட் மொத வாரம், மேட்டூர்ல ரெண்டு லட்சத்துக்கு மேல விட்டாங்க. நான் அப்ப ஊர்லதான் இருந்தேன். எல்லாரும் ஆத்துப் பக்கம் போய் நின்னு பாத்துட்டு இருந்தோம், ஆயா மட்டும் வீட்டுக்குப் பின்பக்கம் போனாங்க. ஏன்னு கேட்டேன். தண்ணி முன்னாடி வராது தம்பி, பின்னாடிதான் வரும்னாங்க. அப்படித்தான் ஆச்சு. ஆத்தோரம் மணல் மேடா இருக்கும், வெள்ளம் வழியறப்ப கனமான மணல மொதல்ல ஓரத்துலயே போட்டுட்டு, லேசான வண்டல தூக்கிட்டு உள்ள போயி நிதானமா படிய வெக்கும், வருஷக்கணக்கா அப்படி நடந்து நடந்து ஆத்தோட உதடு ஒசந்தும் பின்பக்கம் தாழ்ந்தும் போயிடுது. அந்தப் பின்பக்க பள்ளத்துல பழைய ஆத்துத் தடம் ஒண்ணு வாய்க்கால் மாதிரி கெடக்கும், கீழ்க்கோடில எங்கயோ ஆத்தோட சேருற எடத்துலேருந்து தண்ணி அது வழியா எதுத்து ஏறி வரும், சத்தமே இல்லாம. முல்லையும் காக்கரட்டான் பூச்செடியும் ஆத்தோர மணல் மண்ணுல போடறதும் நெல்ல பின்பக்க களிமண்ணுல நடறதும் இத வெச்சுத்தான்.

ஆயா ஒரு மூங்கில் குச்சிய தண்ணி விளிம்புல நட்டாங்க. அடுப்புக் கரியால நாலு கோடு, ஒவ்வொண்ணும் ஒரு வெரக்கட இருக்கும். மாமா அரை மணிக்கு ஒரு தடவ டார்ச் அடிச்சு பாத்துட்டு வந்து சொல்லுவாரு. எட்டு மணிக்கு மொத கோடு, ஒம்போதரைக்கு ரெண்டு. பத்தரைக்கு மூணாவதும் போச்சு, அப்பதான் ஆயா எந்திரிச்சு கன்னுக்குட்டிய அவுத்தாங்க. ஏறற வேகம் கூடுனா கெளம்பணும், எவ்ளோ ஏறிச்சுங்கறது ரெண்டாவதுதானாம். நெல்லு மூட்டைய பரண்ல ஏத்தி, கோழிய கூடைல கவுத்து, சிலிண்டர கட்டில் கால்ல கட்டிட்டு (இல்லன்னா மெதந்து போயிடும்) பெரிய கரைக்கு வந்தோம். விடிஞ்சப்ப பாத்தா கரை மேல தார்ப்பாய் வரிசையா, மாடு வரிசையா, செந்தண்ணி ஆகாயத்தாமரைய அள்ளிட்டு போகுது, வீட்டு ஓடு மட்டும் தெரியுது, வெயில் பளபளன்னு அடிக்குது.

அதே வருஷம் நவம்பர்ல இன்னொரு தடவ. ஆனா இது வேற ஜாதி வெள்ளம். நவம்பர் 11 ராத்திரி சீர்காழில ஒரே நாள்ல 44 செ.மீ. மழை கொட்டுச்சு, அப்ப மேட்டூருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆடி வெள்ளத்துல கரைக்கு உள்ள இருக்கற நாங்க மூழ்குவோம், கரைக்கு வெளிய இருக்கறவங்க எங்களுக்கு சோறு கொண்டு வருவாங்க. ஐப்பசி கார்த்திகை மழைல கரைக்கு வெளிய இருக்கற வயல்ல பேஞ்ச தண்ணி அந்தக் கரையாலயே ஆத்துக்கு வர முடியாம நிக்கும். அந்த வாட்டி நாங்க சோறு ஆக்கி எடுத்துட்டு போனோம். கரைன்னா காப்பாத்தும்னு மட்டும் நெனைக்கறவங்க இத ஒரு தடவ வந்து பாக்கணும். மட்டமான நெலம், கடல் பக்கத்துல, அமாவாசை பௌர்ணமில கடல் தண்ணி ஏறி நின்னா எந்த வெள்ளமும் வடிய லேட்டாகும்.

ஏன் அங்க இருக்கீங்க, காலி பண்ணிட்டு மேட்டுக்கு வந்துடலாமேன்னு கேக்கறவங்க இருக்காங்க. நல்ல எண்ணத்துலதான் கேக்கறாங்க. ஆனா எங்க ஊருல பயம் வெள்ளத்த விட உப்புதான். கடல் பக்கத்துலயே இருக்கு, ஆத்துல நல்ல தண்ணி ஓடி கடல தள்ளிட்டே இருந்தாத்தான் பில்டர் பாயின்ட்ல (மணல்ல ஆழமில்லாம எறக்கற குழாய்க் கெணறு) நல்ல தண்ணி வரும். ஆறு காஞ்சு கெடந்தா கடல் ஆத்து வழியா உள்ள ஏறிடும், அப்பறம் மண்ணுக்குள்ள எறங்கி கைப்பம்பு உப்புக்கரிக்கும். வெள்ளம் வராத வருஷம் தொடர்ச்சியா ரெண்டு வந்துச்சுன்னா முல்லைச் செடி எல ஓரம் கருகிடும், பூ சிறுத்துடும், பூக்கடைல எடுக்க மாட்டாங்க. வெள்ளத்துல ஒரு தடவ செடி அழுகும்தான், மூணு நாள் தண்ணி நின்னா காக்கரட்டான் வேரு போயிடும், அது பெரிய நஷ்டம். ஆனா மண்ணு கழுவிடுமே. உப்பு ஏறுன மண்ண எத வெச்சு கழுவறது.

இத கெடுக்கறது மணல் அள்ளறது. மணல்தான் தண்ணிய புடிச்சு வெக்கற பஞ்சு, அத தோண்டி தோண்டி ஆத்து மட்டம் எறங்க எறங்க கடலுக்கு வழி சுலபமாயிடுது. ஏற்கனவே மேட்டூர் கட்டுன 1934லேருந்து மேலேருந்து வர்ற வண்டலும் மணலும் பெரும்பகுதி அணைலயே தங்கிடுது, போனது திரும்ப வர்றது கொறைவு. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்புல கொள்ளிடம் மேலணைல 45 மதகுல 9 மதகு இடிஞ்சு அடிச்சுட்டு போனப்ப, காட்டன் காலத்து கட்டடமே போயிடுச்சேன்னு மாமா அன்னைக்கு சாப்புடவே இல்ல. வயசான கட்டடம்னு சொன்னாங்க, இருக்கலாம், ஆனா அடில இருக்கற மணல் எறங்குனா எந்த சுவரும் எத்தன நாள் நிக்கும். ஆதனூர் குமாரமங்கலம் கிட்ட தண்ணிய தேக்கற கதவணை கட்டுனது நல்ல காரியம், அந்த மாதிரி இன்னும் கீழ கடல் பக்கம் வேணும்னுதான் எங்க ஊருக்காரங்க வருஷா வருஷம் மனு குடுக்கறாங்க.

பட்டா விஷயம் இன்னொரு வேதனை. தாத்தா காலத்துலேருந்து உழுத நெலம், கணக்குல ஆத்துப் புறம்போக்கு. வெள்ளத்துல பயிர் போனதுக்கு நிவாரணம் கேட்டு மாமா ஒரு ஆபீஸுக்கு நாலு தடவ நடந்தாரு, ஆத்துல வெவசாயம் பண்ணிட்டு ஆறு அடிச்சுட்டு போச்சுன்னா எப்படிங்கன்னு ஒருத்தர் கேட்டாராம். மாமா ஒண்ணும் பேசாம வந்துட்டாரு. எனக்குத்தான் ஆறல. அந்த ஆறு ஒரு வருஷத்துல பத்து நாள் எங்க ஊருக்காரங்க நெலத்த எடுத்துக்குது, மிச்ச நாள் குடுக்குது, அந்த ஒப்பந்தம் அவங்க ரெண்டு பேருக்கும் நல்லா புரிஞ்சிருக்கு. மாடு கட்ட ஊருக்கு ஒரு ஒசந்த மேடும், ஊரோட நிரந்தரமா ஒரு படகும், பயிருக்கு ஒரு காயிதமும் இருந்தா போதும் அவங்களுக்கு.

2022 தண்ணி வடிஞ்சப்பறம் நானும் மாமாவும் கொல்லைக்கு போனோம். கத்திரி போயிருந்துச்சு. ஒரு பக்கம் அரிச்சு ரெண்டு வரப்பு ஆத்தோட போயிருந்துச்சு, இன்னொரு பக்கம் முழங்கால் ஒசரத்துக்கு புது மணல். வரப்பே இல்லாம எப்படி எல்லை கண்டுபுடிப்பாருன்னு பாத்தேன். நாவ மரத்துலேருந்து கயிறு புடிச்சாரு, பக்கத்துக் கொல்லைக்காரரும் வந்து அந்தப் பக்கம் நின்னாரு, ரெண்டு பேரும் பேசிகிட்டே முப்பது அடி அளந்து குச்சி நட்டாங்க, சண்ட கெடையாது. அந்த மணல்ல கையவிட்டு அள்ளி மாமா மோந்து பாத்தாரு. தர்பூசணி போடலாம்டான்னாரு.

இந்த சித்திரைக்கு போயிருந்தேன். ஆத்துல தண்ணி ஒரு ஓரமா நூல் மாதிரி, நாணல் காஞ்சு நிக்குது. ஆயா கைப்பம்புல ஒரு சொம்பு அடிச்சு குடுத்தாங்க. குடிச்சு முடிச்சப்பறம் நாக்கு நுனில லேசா உப்பு தட்டுச்சு, அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு, என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தாங்க. ஆடி வரைக்கும் தாங்கும்னாங்க.